பெருவிளை, இரண்டாவது குறுக்குத் தெரு

தாராபுரத்திலேயே பட்டியல் போட்டு முடித்திருந்தோம்.
தண்ணீர். பள்ளிக்கூடம் ஒரு கிலோமீட்டருக்குள்.
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கு
என் நைட் டூட்டி நேரத்துக்கு ஒரு பஸ்.
எல்லாவற்றுக்கும் மேலே
இவர் சிவப்பு மையில் எழுதியது:
சத்தம் கூடாது.

சுடருக்கு ஏழு வயது.
இரண்டு காதுக்குப் பின்னாலும் மிஷின்.
ஹாரன் அடித்தால் உள்ளே எப்படி இருக்கும் என்று
ஒருநாள் அவளே காட்டினாள்,
எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துப் போட்டு
கரண்டியால் அடி அடியென்று அடித்து.

புரோக்கர் தாசையன் ஸ்கூட்டரில் முன்னால் போக
நாங்கள் ஆட்டோவில் பின்னால்.
மூன்று ஞாயிற்றுக்கிழமை.
ஆரல்வாய்மொழிக் காற்றும் கூடவே வந்து
அவர் வேட்டியோடு வம்பு செய்தது.

வடசேரியில் பஸ் ஸ்டாண்டே
கூடத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.
சுடர் மிஷின் இரண்டையும் கழற்றி
என் உள்ளங்கையில் வைத்தாள்.
வேண்டாம் என்று அர்த்தம்.
கோட்டாறில் வீடு நல்லது, கிணறு நல்லது,
கீழே பாத்திரக்கடை.
வெட்டூர்ணிமடத்தில் வீட்டுக்காரம்மா
வாசலை மறித்து நின்றபடி கேட்டாள்,
"நீங்க கோயிலா, சபையா?"
"வாடகைங்க" என்றார் இவர்.
தாசையன் சிரித்துத் தொலைத்தார்.
வீடு போயிற்று.

புன்னைநகரில்தான் கிடைத்தது
பட்டியல் கேட்ட வீடு.
செருப்பைக் கழற்றிப் போட்டால்
அந்தச் சத்தம் நமக்கே கூச்சமாக இருக்கும்
அப்படி ஒரு தெரு.
இவர் சிவப்பு வரிக்கு டிக் அடித்துவிட்டார்.
வீட்டுக்காரர் ரிட்டயர்டு இன்ஜினியர், மெல்லிய மனுஷர்,
மட்டிப்பழம் உரித்துத் தந்தார்.

மாடியிலிருந்து சுடர் கத்தினாள்:
"அம்மா! இங்கிருந்து மலை தெரியுது!"

தன் குரல் எதுவரை போகிறதென்று
அவளுக்குத் தெரியாது.
எப்போதும் அடுத்த தெருவுக்கும் சேர்த்தே பேசுவாள்.

அவர் பழத்தோலை மடித்தார்.
மடித்ததை மறுபடி மடித்தார்.
"பிள்ளை எப்பவும் இப்படித்தானா?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.
ஏழு வருஷமாக நாங்கள் சொல்லிவரும்
"மெதுவா சாமி, மெதுவா"
அதே குரலில் அவர் வாயிலிருந்து வந்தது.

ஆட்டோவில் யாரும் பேசவில்லை.
சத்தம் கூடாது என்று எழுதினோமே,
யாருடைய சத்தம்?

பெருவிளைக்கு மழைக்கு ஒதுங்கித்தான் போனோம்.
தாசையனின் மச்சினி வீடு,
மேல் போர்ஷன் சும்மா கிடக்கிறதாம்.
பக்கத்து காம்பவுண்டில் ஒருத்தி
தாசையனுக்குத் தலையசைத்துவிட்டு
மூன்று வீடு தள்ளிக் கூப்பிட்டாள்,
"ஏட்டி ஷைனீ, துணி நனையுது!"
மூன்று வீடு தள்ளி இருந்தவள்
அதற்கு மேல் ஒரு படி ஏறி,
"நான் எடுத்தாச்சு, ஞானசெல்வம்!
உனக்க ஆடு எங்க நிக்கிண்ணு பாரு!"
மழைக்குள்ளேயே ஒரு மீன்காரர்
சாளை, நெத்திலி, சாளை என்று
தெருவை நீளவாக்கில் கிழித்துக்கொண்டு போனார்.

இவர் என்னைப் பார்த்தார்.
நான் சுடரின் கையைப் பார்த்தேன்.
காதுக்குப் போயிற்று கை.
கழற்றப் போகிறாள்.

ஈரம் படாமல் மிஷினைப் பொத்திக்கொண்டு
ஆட்டோவிலிருந்து தலையை நீட்டினாள்.
"ஆடு இங்க இருக்கு! எங்க ஆட்டோவுக்கு அடியில!"

"பிடிச்சு நிறுத்து மக்களே, இன்னா வாறேன்!"

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
எந்த ஜன்னலும் சாத்தப்படவில்லை.
ஆட்டின் காதைப் பிடித்துக்கொண்டு
என் மகள் மழையில் நின்று
ஒரு தெருவோடு பேசிக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்.
பள்ளிக்கூடம் ஒன்றரை கிலோமீட்டர், அதுவும் ஏற்றம்.
மூன்று மாத அட்வான்ஸை
இவர் வாய்விட்டு எண்ணினார்.
இதுவரை கண்டதில்லை.

நைட் டூட்டி முடிந்து வந்து
பகலில் இந்தத் தெருவில் நான் எப்படித் தூங்குவேன்
என்று யாருக்கும் தோன்றவில்லை.
நானும் ஞாபகப்படுத்தவில்லை.
ஆஸ்பத்திரியில் பஞ்சுக்கா பஞ்சம்.